பேனர் அடிப்பதற்கு முன் கரையைக் கேளுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோர ரிசார்ட்டுகள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், ரோட்டரி, லயன்ஸ் கிளைகள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், ஓட்டக் குழுக்கள் ஆகியோருக்கு, பந்தல், சமையல், முதலுதவி, குப்பை என்று பின்வரிசை வேலைகளைப் பார்க்கும் தன்னார்வலர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

ஆடிக் கூழ் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த கையோடு உங்கள் பருவம் தொடங்கிவிடுகிறது. ஆகஸ்ட் 15-க்கு ரத்ததான முகாம். 22-ஆம் தேதி மெட்ராஸ் தின நடை. 29-ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கு மோரும் சாப்பாடும். நடுவில் விநாயகர் சதுர்த்தி. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். இடையிடையே கிடைக்கிற ஞாயிறுகளில் ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் ஓட்டங்கள். எலியட்ஸ் கடற்கரையிலிருந்து கோவளம் வரை ஏதாவது ஒரு மேடை இல்லாத வாரம் இந்த இரண்டு மாதத்தில் அரிது.

இதில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நாள் குறிக்கிற விதம் தவறு. சிறப்பு விருந்தினர் எப்போது வருவார், ரிசார்ட்டில் அறை எப்போது காலி என்று பார்த்துத் தேதி போடுகிறீர்கள். பேனர் அடிக்கிறீர்கள். கடைசி வாரத்தில்தான் கரைக்கு வந்து பார்க்கிறீர்கள். அங்கே கடலும் காற்றும் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற ஊரும் ஏற்கெனவே தங்கள் நேரப்படி நடந்துகொண்டிருக்கின்றன. நிகழ்ச்சியில் வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரிசை மாறியதால் வருபவை.

முதலில் ஊர். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் கரையில் ஓய்வுக் காலம் கிடையாது. குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகள் விடியலுக்கு முன்பே இறங்கி, காலையில் திரும்புகின்றன. மீன் இறங்க வேண்டும், ஏலம் நடக்க வேண்டும், வலையிலிருந்து நண்டும் குப்பையும் பிரிக்க வேண்டும். உங்கள் கண்ணுக்கு “நல்ல காலியான சமதளம்” என்று படுகிற மணல் பெரும்பாலும் வலை காயப்போடும் இடமாகவோ படகு ஏறும் வழியாகவோ இருக்கும். அது காலியாக இருப்பதே யாரும் அங்கே எதையும் வைக்கக் கூடாது என்பதால்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். காலையில் போகாதீர்கள், மாலையில் போங்கள். கவுன்சிலரிடம் சொல்லிவிட்டோம் என்பது இதற்கு மாற்றாகாது. கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: படகு ஏறி இறங்கும் வழி எதிலிருந்து எதுவரை, ஏலம் எத்தனை மணிக்கு முடியும், ஊர் தொழிலுக்குப் போகாத நாள் எது, அந்த வாரம் கோயில் விசேஷமோ துக்கமோ உண்டா. கையோடு ஒரு வேலையும் கொடுத்துவிட்டு வாருங்கள். கடலைப் பார்த்துக்கொள்ள ஊர் இளைஞர்கள் நான்கு பேர், ஒரு நாள் தொழில் கூலிக்குக் குறையாத சம்பளத்தில். கூப்பிட்டு டி-ஷர்ட் கொடுத்து அனுப்புவது சம்பளம் ஆகாது. தின்பண்டக் கடைகள் போடுவதாக இருந்தால் முதல் இரண்டு இடம் மீன் வறுக்கும் பெண்களுக்கு. 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவை நினைத்துப் பாருங்கள். கச்சேரியைக் குப்பத்துக்குள்ளேயே ஊராரோடு சேர்ந்து நடத்த முடியும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

அனுமதிக் காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. பெசன்ட் நகர் மாநகராட்சியின் அடையாறு மண்டலத்தில் வருகிறது. நீலாங்கரை முதல் உத்தண்டி வரை சோழிங்கநல்லூர் மண்டலம். உத்தண்டியைத் தாண்டினால் மாநகராட்சி எல்லை முடிந்துவிடும். முட்டுக்காடும் கோவளமும் செங்கல்பட்டு மாவட்டம், அங்கே ஊராட்சியிடம் போக வேண்டும். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி தனி. அந்த அனுமதி இருந்தாலும், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வெயிலுக்குப் பயந்து ஐந்தரைக்கே ஓட்டத்தைத் தொடங்குவது சரியான முடிவு. அதற்கு முன்னால் ஐந்து மணிக்குப் பெரிய ஸ்பீக்கரில் ஜும்பா போடுவது விதிமீறல். ஆறு மணிவரை விசிலும் கொடியும் போதும்.

இனி காற்று. இந்த மாதங்களில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். நண்பகலுக்குப் பிறகு திரும்பிக் கடலிலிருந்து அடிக்கும். எத்தனை மணிக்குத் திரும்பும் என்பது நாளுக்கு நாள் மாறும். காலை வெயிலையும் கடலையும் பார்த்தபடி கிழக்கே திறந்து, மேற்கே படுதா கட்டி அடைத்த பந்தல், கடற்காற்று உள்ளே புகுந்ததும் பாய்மரம் ஆகிவிடுகிறது. பந்தல் விழுவது பெரும்பாலும் பிற்பகலில்தான். கம்பத்தின் பலவீனத்தை விட அடைத்த பின்பக்கம்தான் காரணம். நாற்புறமும் திறந்து வையுங்கள். மேலே துணி மட்டும், பக்கத்துக்கு வேண்டுமானால் பச்சை நிழல்வலை.

மணலில் முளை அடித்துக் கயிறு கட்டினால் நிற்காது. வயலில் பந்தல் போட்டுப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவது இதில்தான். சவுக்குக் கம்பம் மூன்றடி இறங்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றின் முனையையும் மணல் நிரப்பிய மூட்டையின் நடுவில் கட்டி, மூட்டையை இரண்டடிக் குழியில் படுக்கவைத்துப் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றி மிதித்துவிட வேண்டும். பத்துக்கு இருபதடிப் பந்தலுக்கு இப்படி ஆறு மூட்டைக்குக் குறையக் கூடாது. மேடைக்குப் பின்னால் இருபதடி ஃபிளெக்ஸ் கட்டுகிற ஆசையை விட்டுவிடுங்கள். நடுவில் ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்பது நம்பிக்கை மட்டும்தான். ஜெனரேட்டரைப் பலகை மேல் வையுங்கள். ஈர மணலில் கிடக்கும் ஒயர் இணைப்புகளை மேசை உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத போர்டை ஏற்காதீர்கள். உப்புக்காற்றில் இன்சுலேஷன் டேப் ஒரு மாலைக்குக்கூடத் தாங்காது.

மாலை நிகழ்ச்சி வைப்பவர்கள் இடியை நினைக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் வெயிலுக்குப் பிறகு மேற்கே கறுத்து, மாலையிலோ இரவிலோ இடியுடன் கொட்டிவிட்டுப் போவது சென்னைக்கு வழக்கம். மின்னலைப் பார்த்ததிலிருந்து எண்ணுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரையும் கட்டடத்துக்கோ பேருந்துக்கோ அனுப்புங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகுதான் திரும்பலாம். தகரக் கொட்டகையும் இரும்புச் சட்ட மேடையும் ஒதுங்குகிற இடங்கள் ஆகா. ஆயிரம் பேர் ஒதுங்க எந்தக் கட்டடம் என்று முன்கூட்டியே பேசி வைக்காத மாலை நிகழ்ச்சியை வைக்கவே வேண்டாம். ரிசார்ட்டுகள் தங்கள் கூடத்தைத் திறந்துவிடச் சம்மதித்தால், நன்கொடைக் காசோலையைவிட அது பெரிய உதவி.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில்தான் நல்லெண்ணம் அதிகம், ஆபத்தும் அதிகம்.

மணலில் சமைக்காதீர்கள். அடுப்பு காற்றில் தள்ளாடும், சோற்றில் மணல் விழும், கேஸ் சிலிண்டர் சாயும். தெருப்பக்கம், மூன்று பக்கம் தகரம் மறைத்த இடத்தில் சமைத்து எடுத்து வாருங்கள். நூறு பேருக்குச் சாம்பார் சாதமும் தயிர்சாதமும் என்றால், சாம்பார் சாதத்துக்கு அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ. தயிர்சாதத்துக்கு அரிசி 4 கிலோ, காய்ச்சி ஆறிய பால் 8 லிட்டர், தயிர் 1 லிட்டர் போதும். முழுக்கத் தயிர் ஊற்றிக் கிளறினால் பதினோரு மணி வெயிலில் புளித்து யாரும் தொடமாட்டார்கள். பாலில் பிசைந்து ஒரு கை தயிர் விட்டால் பந்தியின்போது சரியாக இருக்கும். தேங்காய் அரைத்து ஊற்றும் எதுவும் வேண்டாம், சட்னி உட்பட.

சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய நேரத்திலிருந்து உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான். அதிகாலை நான்கு மணிக்கு வடித்த சோற்றைப் பொட்டலம் கட்டிப் பதினொன்றுக்குக் கொடுப்பது அன்னதானத்தில் சேராது. பலர் அறியாத தவறு ஒன்று உண்டு: சூடு ஆறாமல் பொட்டலம் கட்டி மூட்டையில் அடுக்குவது. ஓரத்தில் இருப்பவை ஆறிவிடும். நடுவில் மாட்டியவை மணிக்கணக்கில் வெதுவெதுவென்று கிடக்கும், கிருமிக்கு அதுதான் பிடித்தமான சூடு. ஒரே சமையலில் பாதிப் பேருக்கு ஒன்றும் ஆகாமல் மீதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு வருவது இப்படித்தான். பொட்டலம்தான் வேண்டும் என்றால் புளிசாதம் செய்யுங்கள். புளிப்பும் நல்லெண்ணெயும் காக்கும். அதையும் அகலமான தட்டில் ஆறவைத்துக் கட்டுங்கள். இலவசமாகக் கொடுக்கிற உணவுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஒரு கரண்டி உணவை மாதிரியாக மூடி, பெட்டியில் குளிரவைத்து ஒரு நாள் வைத்திருங்கள். ஏதாவது ஆனால் காரணம் தெரியும்.

மோர். ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. 200 மில்லி டம்ளரில் 25 பேருக்கு வரும். குளிர வேண்டும் என்று மீன் ஐஸ் கட்டியை உடைத்து உள்ளே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குடிநீரில் செய்த ஐஸ் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஐஸை வெளியே தொட்டியில் கொட்டி, மோர்க் கேனை அதில் உட்காரவையுங்கள். தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு. நூறு பேர், மூன்று மணி நேரம் என்றால் 20 லிட்டர் கேன் எட்டு. முதலுதவி மேசையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 30 வையுங்கள். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு ஏறி வாந்திதான் வரும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெயிலில் விழுந்தவர் உளறினாலோ நடை தள்ளாடினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேளாங்கண்ணி கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் நிற்க மாட்டார்கள். பலர் வெறுங்காலுடன், வாங்கிக்கொண்டே நடப்பார்கள். குப்பைக்கூடையை உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் அது காலியாகவே இருக்கும், தெருதான் நிறையும். குடித்து முடிக்கிற இடத்தில், முப்பது நாற்பது தப்படி தள்ளி ஒன்று, இன்னும் ஐம்பது தப்படி தள்ளி ஒன்று வையுங்கள். ஒரே தெருவில் எட்டு மேசை போட்டுப் பிஸ்கட்டை வற்புறுத்திக் கையில் திணிப்பதைவிட, எட்டு சங்கமும் பேசி இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றில் மோர், அடுத்ததில் கால் கழுவத் தண்ணீர், அதற்கடுத்ததில் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. கால் கழுவத் தண்ணீர் வைப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் கூட்டம் அங்கேதான் சேரும்.

பிளாஸ்டிக்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை நடப்பில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளரும் தட்டும் அந்தத் தடையில் அடக்கம். “பேப்பர் கப்தானே” என்று வாங்குவது அதைத்தான். துணி போலத் தெரிகிற நான்-ஓவன் பையும் தடைப் பட்டியலில் உண்டு. ஓட்டத்தில் கொடுக்கிற பரிசுப் பை பெரும்பாலும் அதுவே. பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர், கழுவ மூன்று வாளி. வாடகைப் பாத்திரக் கடையில் டம்ளர் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.

ஓட்டமும் ரத்ததானமும் ஒரே காலையில் வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஓடி வியர்த்தவரிடம் 350 மில்லி எடுத்தால் மயங்கி விழுவார். விழுவது கட்டிலிலும் இல்லை, பைக்கில் வீட்டுக்குப் போகும் வழியில். 18 முதல் 65 வயது, எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, முந்தைய தானத்திலிருந்து ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள். இந்தக் கணக்கை அறிவிப்பிலேயே போட்டால் வரிசையில் பாதிப் பேர் ஏமாந்து திரும்ப மாட்டார்கள். முகாமைக் கடற்கரைப் பந்தலில் நடத்தாதீர்கள், குளிர்ந்த அறை வேண்டும். எத்தனை யூனிட் வேண்டும் என்று ரத்த வங்கியை முதலில் கேளுங்கள். முழு ரத்தம் 35 நாள்தான் இருக்கும், தட்டணுக்கள் 5 நாள்தான். ஆகஸ்ட் 15 அன்று எல்லாச் சங்கமும் சேர்ந்து குவித்துவிட்டு அக்டோபரில் ஒருவரும் இல்லை என்றால், குவித்ததில் ஒரு பகுதி கொட்டத்தான் படும். நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

தூய்மைப் பணி. சதுர்த்திச் சிலைகளைக் கரைக்கிற பட்டினப்பாக்கம், நீலாங்கரை போன்ற இடங்களில் அடுத்த சில வாரம் மணலுக்குள் ஆணியும் கம்பியும் மரச்சட்டமும் புதைந்திருக்கும். மெல்லிய கையுறையும் ரப்பர் செருப்பும் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே இறக்காதீர்கள். தடித்த துணிக் கையுறை, மூடிய காலணி, ஐந்து பேருக்கு ஓர் இரும்பு வாரி, பழைய அரிசிச் சாக்கு. கருப்புப் பிளாஸ்டிக் பையில் குப்பை அள்ளுவது தூய்மைப் பணிக்கே கேலி. அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் களை என்று பிடுங்கிவிடுகிறார்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். அறுந்த வலை கிடைத்தால் ஊராரிடம் காட்டிவிட்டு எடுங்கள். சில சமயம் அது குப்பையாக இருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், சாக்குகளை எடுக்க மாநகராட்சி வண்டி எத்தனை மணிக்கு எந்த முனைக்கு வரும் என்பது. புகைப்படம் எடுத்துவிட்டு மூட்டைகளை மணலில் விட்டுப்போனால் இரவுக்குள் நாய்கள் கிழித்துப் பழையபடி பரப்பிவிடும். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அன்று காலை போன் செய்வது பிந்திப்போன வேலை.

கடல். எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கிற ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-இல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது. கடலோடியையே இழுத்த கரை அது. மெடலோடு அலையில் நின்று படம் எடுக்கிற பழக்கத்தை அறிவிப்பாளரே மேடையிலிருந்து தடுக்க வேண்டும். அலைக்கோட்டிலிருந்து 15 மீட்டர் கரைப்பக்கம் தள்ளிக் கயிறு கட்டுங்கள். முட்டுக்காடு முகத்துவாரத்தின் பக்கத்திலும், தூண்டில் வளைவுக் கற்களின் ஓரத்திலும் நீர் கடலுக்குள் இழுக்கும், அங்கே எந்த விளையாட்டும் வேண்டாம். இழுத்துப் போகிறவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தச் சொல்லிக் கத்துங்கள். காப்பாற்றக் குதிக்கிற நண்பன்தான் இரண்டாவது பிணம். இறுக்க மூடிய 5 லிட்டர் எண்ணெய்க் கேன் இரண்டையும் முப்பது மீட்டர் நைலான் கயிற்றையும் கட்டித் தயாராக வைத்து, அதை வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

பணம். ஓர் ஓட்டத்துக்கு 500 பேர், ஆளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டி-ஷர்ட் 200, மெடல் 90, டிபன் 100, நேரம் பார்க்கும் சில்லு 60 போக ஆளுக்கு 150 மிஞ்சும். மொத்தம் 75,000. மேடையும் மைக்கும் ஜெனரேட்டரும் 60,000 தின்றால், “ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக” என்று பேனரில் போட்டதற்குப் போய்ச் சேருவது 15,000. டி-ஷர்ட்டை விட்டாலே ஒரு லட்சம் கூடும். வீட்டில் டி-ஷர்ட் இல்லாத ஓட்டக்காரர் யாரும் இல்லை. கணக்கை முப்பது நாளுக்குள் கலந்துகொண்டவர்களுக்கே அனுப்புங்கள். நன்கொடையை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது, அதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

குப்பத்துக்கு என்ன கொடுப்பது என்பதையும் அந்த முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம். ஜூனில் பள்ளி திறந்துவிட்டது, ஆகஸ்ட் கடைசியில் வருகிற நோட்டுப் புத்தகம் யாருக்கும் அவசரம் இல்லை. பழந்துணி மூட்டை யாருக்கும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் பிடிக்கும். அதற்கு முன் கூரைக்கும் வலைக்கும் போட நல்ல தார்ப்பாய், கூடையில் மீன் விற்கிற பெண்களுக்கு ஐஸ் பெட்டி, பெரிய குடை. இவை எங்கள் ஊகம்தான், ஊர் வேறு சொன்னால் அதுவே சரி.

கடைசியாகப் பந்தல் பிரிக்கிற ஆட்களுக்குக் கூலி பேசும்போது, கம்பம் பிடுங்கிய குழிகளை மூடுவதையும் மூட்டைக் கயிறுகளைத் தோண்டி எடுப்பதையும் சேர்த்தே பேசுங்கள். ஒரு நடுத்தரப் பந்தலுக்கு இருபது குழியாவது இருக்கும். இரண்டு ஆள், ஒரு மணி நேரம், மண்வெட்டி இரண்டு. விளக்கை அணைத்து வண்டி ஏறிய பிறகு அந்த மணலில் முதலில் கால் வைப்பவர்கள், விடியலுக்கு முன் இருட்டில் படகைத் தோளால் தள்ளிக்கொண்டு போகிறவர்கள். தள்ளுகிறவரின் கண் படகின் மேல் இருக்கும், தரையில் இருக்காது.

இப்படிக்கு,
பின்வரிசைத் தன்னார்வலர்கள்,
சென்னை.